பின்பக்க இடது

கண்ணை மூடிக்குங்க சார்னு ரியாஸ் சொன்னதும் சென்னியப்பன் மூடிக்கிட்டாரு. காந்திபுரத்துல ஒரு ஸ்பீக்கர் கடை, அதுக்குள்ள சுவரெல்லாம் பஞ்சு அடைச்ச ஒரு கண்ணாடி ரூம், அதுக்குள்ள ஒரு சோபா. அதுல நட்ட நடுவுல, செருப்பைக் கழட்டி வெச்சுட்டு, ரெண்டு கையையும் தொடை மேல போட்டுக்கிட்டு, ஞாயித்துக்கிழமை பதினோரு மணிக்கு ஒரு ஸ்பின்னிங் மில் ஃபிட்டர் கண்ணை மூடி உக்காந்திருந்தா வெளிய இருந்து பாக்கறவங்க என்ன நினைப்பாங்க, தியானம்னு நினைப்பாங்க, இல்லாட்டி பல்லுப் புடுங்க வந்தவருன்னு நினைப்பாங்க. முப்பத்திமூணு வருசமாப் பஞ்சுக்கு நடுவுலதான் பொழப்பு. ஆனா மில்லுல பஞ்சு இருக்கற எடத்துலதான் சத்தம், இங்க பஞ்சு சத்தத்தைத் தின்னுபோடுது, தன்னோட மூச்சே தனக்குக் கேக்குது, அதுவும் வலது பக்கமாக் கேக்குது. அந்த நெனைப்பு வந்த வேகத்துல போயிருச்சு, ஏன்னா கடையில டெமோ காட்டற ரியாஸ், "இப்ப அஞ்சு ஸ்பீக்கர்லயும் ஒண்ணொண்ணா வரும் சார், எது எங்கேன்னு நீங்களே சொல்லுங்க"ன்னு ரிமோட்டை அமுக்கிட்டாரு. சொல்றதுக்கு இவருக்கு என்ன கஷ்டம். மக சிந்துஜா கடைக்குள்ள வந்ததும் வராததுமா, "எங்கப்பா மிஷின் சத்தத்தை வெச்சே எந்த பேரிங் போகப் போவுதுன்னு சொல்லிடுவாரு, அவருகிட்ட ஏமாத்த முடியாது பாத்துக்குங்க"ன்னு சொல்லி, ஒரு கிலோ மைசூர்பாகை முன்னாடி வெச்ச மாதிரி இவரை முன்னாடி வெச்சுட்டு, ஆபீஸ்ல இருந்து போன் வருதுன்னு வெளிய போயிட்டா. ஞாயித்துக்கிழமை என்ன ஆபீஸோ. வீட்டுல ஒரு ரூமுக்குள்ள உக்காந்து பெங்களூர் கம்பெனிக்கு சாஃப்ட்வேர்ல தப்புக் கண்டுபிடிக்கற வேலை. அப்பன் மிஷின்ல தப்புக் கண்டுபிடிக்கறான், மக மிஷினுக்குள்ள இருக்கறதுல தப்புக் கண்டுபிடிக்கறா, அம்மா ரெண்டு பேர் மேலயும் தப்புக் கண்டுபிடிக்கறா, குடும்பமே ஒரே தொழில்.

உஸ்ஸ்ஸ்னு வந்துச்சு. பஞ்சைச் சிக்கெடுக்கற கார்டிங் மிஷின் தூரத்துல ஓடற மாதிரி, மழை தகரத்துல விழுகறதுக்கு முன்னாடி காத்துல வர்ற மாதிரி. முன்னாடி இடது. நிறுத்தி, நடுவுல. நிறுத்தி, முன்னாடி வலது. மூணும் இருக்கற எடத்தை உக்காரும்போதே பாத்து வெச்சிருந்தாரு, அதனால மனசு கையோட அங்கங்க கொண்டுபோய் வெச்சுக்கிச்சு. அப்பறம் பின்னாடி வலது, தோளுக்குப் பின்னால, நல்லாத் தெளிவா. அப்பறம் மறுபடியும் பின்னாடி வலது. சரி, ரெண்டு தடவை ஓட்டறான் போல. மறுபடியும் முன்னாடி இடது. சிந்துஜா கேம் ஆடறதுக்கு எந்த செட்டு வாங்கறதுன்னு இந்த மூணு வாரமாக் காலண்டர் தாளுக்குப் பின்பக்கம் படம் போட்டுப் போட்டு முடிவு பண்ணின விசயம் இது. சிந்துஜாகிட்ட ஒரு கம்ப்யூட்டர், ரெண்டு கேம் பெட்டி. கம்ப்யூட்டருக்குன்னே விக்கற செட்டுல பச்சை, கறுப்பு, ஆரஞ்சுன்னு மூணு பின்னு இருக்கு, கம்ப்யூட்டருக்குப் பின்னாடி அதே கலர்ல மூணு ஓட்டை இருக்கு, குத்தினா முடிஞ்சுது. ஆனா கேம் பெட்டியில அந்த ஓட்டையே கெடையாது. டிவிக்கு அடியில வெக்கற நீளக் கட்டை ஒண்ணு இருக்கு, முன்னாடி கட்டையை வெச்சுட்டுப் பின்னாடி இருந்து சத்தம் வருதுன்னு நம்பச் சொல்றாங்க, நம்பறதுக்கு நமக்கு வேற விசயமே இல்லையா. மிச்சம் இருக்கறது ரிசீவர். மூணு பெட்டியோட வயரும் அதுக்குள்ள போகும், அதுல இருந்து அஞ்சு ஸ்பீக்கருக்கும் ஒரு பேஸ் டப்பாவுக்கும் வெளிய போகும், எந்தப் பெட்டியில ஆடினாலும் சத்தம் நாலு பக்கமும் சுத்தும். மெயின் பேனல் மாதிரி. படம் போட்டதும் மனசுக்குப் புடிச்சுப் போச்சு. "எதுக்கு அம்மிணி பின்னாடியெல்லாம் ஸ்பீக்கரு, நீ முன்னாடிதானே பாத்து ஆடறே"ன்னு கேட்டதுக்கு அவ சொன்னா, "பின்னாடி இருந்து ஒருத்தன் வருவான்ப்பா. காலடி கேட்டாத்தான் தப்பிக்க முடியும். கேக்கலைன்னா செத்தேன்." செத்தேன்னு சொல்லிச் சிரிச்சா. செத்தா மூணு நிமிசத்துல மறுபடியும் எந்திரிச்சுக்கற ஆட்டம்.

"ரெண்டாவது ரவுண்டும் முடிஞ்சுதுங்க சார்"னாரு ரியாஸ். "எப்படி இருக்கு?" சென்னியப்பன் கண்ணைத் தொறந்தாரு. அவசரப்படலை. மில்லுலயும் அப்படித்தான், மேஸ்திரி, சூப்பர்வைசர், எலெக்ட்ரீசியன் எல்லாரும் சுத்தி நிப்பாங்க, இவரு ஸ்க்ரூடிரைவர் முனையை பேரிங் மேல ஊனி, கைப்பிடியைக் காதுக்குப் பின்னால எலும்புல அழுத்திக்கிட்டு ஒரு நிமிசம் நிப்பாரு, அந்த ஒரு நிமிசம் யாரும் பேசமாட்டாங்க, அப்பறம் இவரு ஒரே வார்த்தையில சொல்லுவாரு. "தம்பி, பின்னாடி ரெண்டும் வலது பக்கத்துலயே வருது." ரியாஸ் பின்னாடி திரும்பிப் பாத்தாரு. "இல்லீங்களே சார், ஒண்ணு இடது, ஒண்ணு வலது, நான்தானே மாட்டினேன்." "மாட்டினது நீங்கதான். மாறினதும் உங்க கையிலதான் மாறியிருக்கும். வயரை மாத்திக் குத்திப் பாருங்க, தெரிஞ்சுபோகும்." இதுதான் மொறை, சந்தேகம் வந்தா இதை அங்கயும் அதை இங்கயும் மாத்து, கோளாறு கூடவே போச்சுன்னா பார்ட்டுல கோளாறு, போகலைன்னா எடத்துல கோளாறு. சாயங்காலப் பாலிடெக்னிக்குல ஒரு வாத்தியார் சொல்லிக் குடுத்தது, மூணு சிஃப்டு வேலைக்கு நடுவுல நாலு வருசம் பெஞ்சுல தூங்கி வழிஞ்சு படிச்சதுல கடைசிவரைக்கும் கூட வந்தது அது ஒண்ணுதான். ரியாஸ் முட்டி போட்டு வயரை மாத்தினாரு. உஸ்ஸ்ஸ். பின்னாடி வலது. மறுபடியும் பின்னாடி வலது. "இப்பவும் அப்படியேதான் இருக்கு. ரிசீவர்லயே கோளாறுங்க தம்பி. ரெண்டு சேனலும் உள்ளுக்குள்ள ஒட்டிக்கிச்சு." ரியாஸுக்கு மூஞ்சி சுருங்கிப் போச்சு. "காலையிலகூட ஓட்டிப் பாத்தனுங்களே சார். சரிங்க, குடோன்ல வேற பீஸ் இருக்கு, ஓனர்கிட்டச் சொல்லி எடுத்துட்டு வந்துடறேன், அஞ்சே நிமிசம்"னு கதவைச் சாத்திட்டுப் போயிட்டாரு. உஸ்ஸ்ஸை நிறுத்த மறந்துட்டாரு. அது பாட்டுக்குச் சுத்திக்கிட்டு இருந்துச்சு.

முன்னாடி இடது, நடு, முன்னாடி வலது, பின்னாடி வலது, பின்னாடி வலது. தனியா உக்காந்து கேக்கறப்ப அது ஒரு மாதிரி சொகமாக்கூட இருந்துச்சு. நல்லாத்தான் சொன்னோம். முப்பத்திமூணு வருசத்துக் காது. போன தீவாளிக்கு முன்னாடி பழைய போனு கெட்டுப்போச்சு, இடது காதுல வெச்சா ஒண்ணுமே கேக்காது, வலதுல வெச்சாக் கேக்கும், எந்தப் பக்கம் வெக்கறாங்கன்னு பாத்துக் கெடற போனு, புதுப் போனு வாங்கினாரு. புதுப் போனும் அப்படியே இருந்துச்சு. இப்பல்லாம் எதுவும் ஒழுங்காச் செய்யறதில்லைன்னு வலதுலயே வெச்சுப் பேசிப் பழகிட்டாரு. காது கொஞ்சம் மந்தம்தான், அழுக்கு அடைச்சிருக்கும், மில்லுல யாருக்குத்தான் காது சுத்தமா இருக்கு. வருசா வருசம் வேன் போட்டு வந்து டெஸ்ட் பண்றாங்களே, அதுல இவரு பாஸு. ஹெட்போன் மாட்டி உக்கார வெச்சு, சத்தம் கேட்டா வெரலைத் தூக்குங்கம்பாங்க. அந்தப் பொண்ணு பட்டனை அமுக்கறப்ப தோளு லேசா எறங்கும், எதிர்க்கண்ணாடியில தெரியும். இவரு வேணும்னு பாக்கலை, கண்ணு அங்க போச்சு, வெரலு தானாத் தூக்குச்சு. காதுக்கு வெச்ச பரீச்சையைக் கண்ணு எழுதிட்டு வந்துச்சு. அப்பறம் ஸ்க்ரூடிரைவர் இருக்கே, அதை விட சாட்சி என்ன வேணும். எப்பவும் இடது காதுலதான் வெப்பாரு, போன வாரம்கூட வெச்சாரு, நூல் நூக்கற ரிங் ஃபிரேம்ல மூணாவது பேரிங்கு மணல் போட்ட மாதிரி நரநரன்னு கேட்டுச்சு, கழட்டிப் பாத்தா உள்ள குண்டு தேஞ்சிருந்துச்சு. கேக்காத காதுல மணல் எப்படிக் கேக்கும். அந்தப் பேல் வண்டி விசயம் வேற. அது வேற. ஆடி மாசம் குடோன் வாசல்ல நின்னு சீட்டுல எழுதிக்கிட்டு இருந்தாரு, இடது பக்கம் ஒரு காத்து மாதிரி வந்துச்சு, அப்பறம் சட்டைக் காலரைப் புடிச்சு யாரோ இழுத்தாங்க, ஹெல்ப்பர் துரைசாமி, எழுத்துக் கோணி, மூக்குக்கு முன்னாடி பேல் வண்டி போச்சு, நூத்தி எழுபது கிலோ பஞ்சுப் பேலு எட்டு. "ஏனுங் மாமா, காட்டுக்கத்தா கத்தறேன், அப்படியே செலையாட்ட நிக்கறீங்க"ன்னு துரைசாமி கேட்டான். யோசனையா இருந்தேன்டான்னாரு. வீட்டுல சம்சாரம் பூங்கொடி, "என்னுங்க இது, ஆடு மேஞ்ச மாதிரி மூணு பொத்தானைக் காணோம்"னா. கதவுல மாட்டிக்கிச்சுன்னாரு. யோசனையாத்தான் இருந்தாரு. என்ன யோசனைன்னு இன்னிக்கு வரைக்கும் யோசிச்சுப் பாக்கறாரு, ஞாபகம் வரலை.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கல்லாவுல ஓனர் எந்திரிச்சு நின்னாரு. ரியாஸ் கையைக் கட்டிக்கிட்டு நின்னாரு. ஒரு வார்த்தை உள்ள வரலை, ஆனா மில்லுல இருந்தவங்களுக்கு வார்த்தை வரணும்னு இல்லை, அங்க யாரும் காதால பேசிக்கறதில்லை, வாயைப் பாத்துப் பேசிக்கறது, எண்பதடி தள்ளி நிக்கறவன் டீ வேணுமான்னு கேட்டா ஒதட்டைப் பாத்துத் தலையாட்டறது. அதுலயும் இவரு கெட்டி. ஓனரோட ஒதடு தெளிவாத் தெரிஞ்சுது. டெமோ பீஸைக்கூடப் பாத்து வெக்க மாட்டியா. கஸ்டமர் முன்னாடி மானம் போவுது. என்னத்தை மாட்டினே காலையில. ரியாஸோட முதுகுதான் தெரிஞ்சுது, லேசாக் குனிஞ்சு. சென்னியப்பனுக்கு உக்காந்திருக்க முடியலை. ஒருத்தன் திட்டு வாங்கறதுக்கு நம்ம வாய் காரணம்னா நம்ம வாய் சரியாச் சொல்லியிருக்கணும். இன்னொருக்காப் பாத்துருவோம்னு, மறுபடியும் கண்ணை மூடாம, இந்தத் தடவை சோபாவுல திரும்பி முட்டி போட்டு, பின்னாடி சுவரைப் பாத்து உக்காந்தாரு. இப்ப பின்னாடி ரெண்டும் முன்னாடி ஆயிருச்சு. ஒரு ஸ்பீக்கரைப் பாத்தாரு. உஸ்ஸ்ஸ். அது அங்கதான் வந்துச்சு. நிறுத்தி, உஸ்ஸ்ஸ், இது இங்கதான் வந்துச்சு. ரெண்டும் ரெண்டு எடத்துல, தெளிவா. கண்ணை மூடினாரு. ரெண்டும் வலது பக்கம் போயி உக்காந்துக்கிச்சு. தொறந்தாரு, பிரிஞ்சுது. மூடினாரு, சேந்துக்கிச்சு. இவரு கண்ணு மூடறதைப் பாத்து ரிசீவரு சேனலை மாத்துமா என்ன. இதை அங்கயும் அதை இங்கயும் மாத்து. கோளாறு கூடவே வரலைன்னா எடத்துல கோளாறு. எந்த எடத்துலன்னு மனசு கேட்டுச்சு, கேட்டுட்டு பதிலுக்கு நிக்காமச் சட்டுனு வேற எங்கயோ போகப் பாத்துச்சு, போகவிடலை. வலது உள்ளங்கையால வலது காதை அடைச்சாரு. கடை போச்சு. உஸ்ஸ்ஸ் போச்சு. ஏசி போச்சு. காந்திபுரம் போச்சு. கரண்டு கட்டான ஷெட்டு மாதிரி ஒரே நிசப்தம். கையை எடுத்தாரு, வந்துச்சு. அடைச்சாரு, போச்சு.

ஆனா ஸ்க்ரூடிரைவரு. மணலு. அதுல தொங்கிக்கிட்டு ஒரு நிமிசம் நின்னாரு. அதுலயும் கை நழுவிச்சு, ஏன்னா அதுக்குப் பதிலு இவருகிட்டயே இருந்துச்சு, இருபது வருசமா இவரே நூறு பேருக்குச் சொன்ன பதிலு. புதுசா வர்ற ஃபிட்டருங்க எல்லாரும் பண்ற தப்பு ஒண்ணு உண்டு. ஷாஃப்டோட இந்தப் பக்கத்து பேரிங்குல ஸ்க்ரூடிரைவரை ஊனுவாங்க, நரநரன்னு கேக்கும், கழட்டிப் பாத்தா பேரிங்கு புத்தம் புதுசா இருக்கும். "டேய், இரும்பு சத்தத்தைக் கடத்தும்டா. அந்தக் கடைசிப் பேரிங்கு கத்தறது ஷாஃப்டு வழியா இங்க வந்து கேக்குது. கேக்கற எடம் வேற, கத்தற எடம் வேற"ன்னு எத்தனை பேரைத் திட்டியிருப்பாரு. ஒரே கூடு, ரெண்டு பேரிங்கு. மண்டையும் ஒரே எலும்புதான். இடது பக்கத்து எலும்புல ஊனினதை எலும்பு கடத்திக் கொண்டுபோயி வலது காதுகிட்டக் குடுத்துக்கிட்டு இருந்திருக்கு. செத்துப்போன பேரிங்கைத் தொட்டுப் பாத்து நல்லா இருக்குன்னு சீட்டுல எழுதி எழுதிக் குடுத்திருக்காரு, எத்தனை மாசமா, தன்னோட மண்டைக்கே. துரைசாமி இதைப் பண்ணியிருந்தா அன்னிக்கு சாயங்காலம் வரைக்கும் திட்டியிருப்பாரு. சிரிப்பு வந்துச்சு. நெஞ்சுக்குள்ள எங்கயோ பயமும் வந்துச்சு, ஆனா பெருசா ஆட்டம் போடலை, வந்து ஓரமா உக்காந்துக்கிச்சு. சொன்னா என்ன ஆகும். ஷெட்டுக்குள்ள விடமாட்டாங்க, கேட்டுல நாற்காலி போட்டு உக்கார வெப்பாங்க, ரிட்டயர் ஆகற வரைக்கும் ரெண்டு வருசம் வர்ற வண்டி நெம்பர் எழுதணும். சிந்துஜா இனிமே அப்பா காது அப்பா காதுன்னு யார்கிட்டயும் சொல்லமாட்டா. சொல்லலைன்னா? சொல்லலைன்னா ஒண்ணும் ஆகாது, வேற ரிசீவரு வரும், அதுல சரியா இருக்குன்னு சொல்லிட்டா முடிஞ்சுது, கண்ணைத் தொறந்து வெச்சுக்கிட்டாப் போதும். நல்ல ரிசீவரு ஒண்ணு கோளாறுன்னு சீட்டு ஒட்டிக் குடோனுக்குப் போகும். ரியாஸ் முதுகு அப்படியே இருக்கும். அப்பறம் இடது பக்கம் எப்பவாவது காத்து மாதிரி ஒண்ணு வரும். துரைசாமி அன்னிக்கு லீவா இருந்தா.

கதவைத் தொறந்துக்கிட்டு சிந்துஜா முன்னாடியும், புது ரிசீவர் டப்பாவைத் தூக்கிக்கிட்டு ரியாஸ் பின்னாடியும் வந்தாங்க. "என்னப்பா சோபாவுல திரும்பி உக்காந்திருக்கீங்க, பஸ்ஸுல கொழந்தை ஜன்னல் பாக்கற மாதிரி"ன்னு சொல்லிக்கிட்டே அவ பக்கத்துல தொப்புனு உக்காந்தா. உஸ்ஸ்ஸ் ஒரு சுத்து வந்துச்சு. அவ முகத்தைச் சுளிச்சா. "பின்னாடி ரெண்டும் மாறி இருக்கே. முன்னாடி வலதுக்கு அப்பறம் பின்னாடி வலது வரணும், இடதுல வருது." ரியாஸ் டப்பாவைக் கீழ வெச்சாரு. "அப்பாதான் மேடம் மாத்திக் குத்தச் சொன்னாரு. ரெண்டுமே வலதுலதான் வருதாம்." "ரெண்டுமேவா?" அவ அப்பனைப் பாத்தா. தப்புக் கண்டுபிடிக்கற கண்ணு, சம்பளத்துக்குன்னு பழகின கண்ணு. ஒரு தடவை ஸ்பீக்கரைப் பாத்தா, ஒரு தடவை இவரைப் பாத்தா, எதையோ அடுக்கற மாதிரி இருந்துச்சு, போனு, டிவி சத்தம், சாப்பாட்டு மேசையில எப்பவும் இவரு உக்கார்ற நாற்காலி. அடுக்கி முடிக்கறதுக்குள்ள சொல்லிரணும்னு தோணுச்சு. கண்டுபிடிக்கப்படறதை விடக் கண்டுபிடிச்சுக் குடுக்கறது மேலு, அதுவாவது நம்ம தொழிலு. சென்னியப்பன் எந்திரிச்சாரு. சட்டைப் பையில எப்பவும் இருக்கற டெஸ்டரை எடுத்தாரு, பின்பக்க இடது ஸ்பீக்கர்கிட்டப் போனாரு, முனையை டப்பா மேல மெதுவா ஊனி, பிடியை இடது காதுக்குப் பின்னால எலும்புல அழுத்திக்கிட்டு நின்னாரு. ரெண்டு பேரும் பேசலை. சுத்து வந்துச்சு. எலும்புக்குள்ள மழை பேஞ்சுது.

"இது நல்லா இருக்குதுங்க தம்பி"னாரு. "ரிசீவரும் நல்லா இருக்கு, வயரும் நல்லா இருந்துச்சு, நீங்க காலையில மாட்டினது சரிதான். ஓனர்கிட்ட நான் சொல்லிடறேன்." டெஸ்டர் பிடியால இடது காதைத் தொட்டுக் காட்டினாரு. "கோளாறு இதுல." ரியாஸ் போயி ரிமோட்டை எடுத்து உஸ்ஸ்ஸை நிறுத்தினாரு, அது ஒரு மரியாதை மாதிரி இருந்துச்சு. "எங்க மாமாவுக்கும் ஒரு காது இல்லீங்க சார், உக்கடத்துல ஆட்டோ ஓட்டறாரு"ன்னாரு, சொல்லிட்டு அது ஆறுதலான்னு அவருக்கே சந்தேகம் வந்த மாதிரி டப்பாவைத் தூக்கிக்கிட்டுப் போயிட்டாரு. சிந்துஜா எந்திரிச்சு வந்தா. இடது பக்கம் நின்னவ, சுத்திக்கிட்டு வலது பக்கம் வந்து நின்னா. "எத்தனை நாளாப்பா?" "போனு மாத்தினதுல இருந்து." "அது தீவாளிக்கு முன்னாடி." "ஆமா." "நல்ல போனை எக்ஸ்சேஞ்சுல குடுத்துட்டீங்களேப்பா." "அதைத்தான் நானும் நினைச்சுக்கிட்டு இருந்தேன்." அவ சிரிக்கலாமா வேணாமான்னு ஒதட்டைக் கடிச்சுக்கிட்டா. "அந்தச் சட்டைப் பொத்தானு?" சென்னியப்பன் டெஸ்டரைப் பையில சொருகினாரு. "பேல் வண்டி அம்மிணி. துரைசாமி இழுத்துட்டான்." அவ பின்பக்க இடது ஸ்பீக்கரைத் திரும்பிப் பாத்தா. "நாளைக்குக் காலையில டாக்டர். மத்தியானம் மில்லுக்கு நான் கூட வர்றேன், நீங்களே சொல்லுங்க, நான் பக்கத்துல நிக்கறேன்." "கேட்டுல உக்கார வெப்பாங்க." "உக்காருங்க. வர்ற வண்டியெல்லாம் முன்னாடிதானே வரும்."

ரிசீவரு செட்டையே எடுத்தாங்க, அந்த டெமோ பீஸையே குடுங்கன்னு சென்னியப்பன் சொன்னாரு, காலையில இருந்து அதுமேல பழி போட்டாச்சு, இனி வேற வீட்டுக்கு அனுப்ப மனசு இல்லை. ஓனர் பழைய பீஸு எதுக்குன்னு பாத்தாரு, இவரு அவருகிட்ட விசயத்தைச் சொன்னாரு, சொல்லும்போது ஓனரோட ஒதட்டைப் பாக்கலை, வலது காதைத் திருப்பிக் காட்டி நின்னாரு, அது புதுசா இருந்துச்சு. செவ்வாக்கிழமை வந்து மாட்டிடறேன்னாரு ரியாஸ். வெளிய வெயிலு. எதிர்ச்சாரியில டீக்கடை. நடுவுல ஞாயித்துக்கிழமை ரோடு, பஸ்ஸு, ஆட்டோ, பைக்கு, எல்லாம் வலது பக்கத்துலயே ஓடற மாதிரி ஒரு ரோடு. ரோட்டு ஓரத்துல நின்னாரு. இத்தனை நாளும் இப்படித்தான் நின்னிருக்காரு, தெரியாம நின்னாரு, இப்பத் தெரிஞ்சு நிக்கறாரு. சிந்துஜா வலது பக்கம்தான் இருந்தா, ஸ்பீக்கரைச் சுவத்துல எந்த ஒசரத்துல மாட்டறதுன்னு என்னமோ சொல்லிக்கிட்டு வந்தா, காதுக்கு நேராவா காதுக்கு மேலயான்னு. பேச்சு பாதியில நின்னுச்சு. திரும்பிப் பாத்தாரு, வலது பக்கம் ஆளைக் காணோம். பேசணும்னா வலது பக்கம் நின்னிருப்பா. இடது பக்கம், கொஞ்சம் பின்னால, முழங்கைக்கு மேல ஒரு கை வந்து புடிச்சுது, வர்ற சத்தம் எதுவும் கேக்கலை. சென்னியப்பன் அந்தப் பக்கம் திரும்பிப் பாக்கலை. நேராப் பாத்துக்கிட்டு ரோட்டுல எறங்கினாரு.